காட்டு ஊனுண்ணிகளில் நாய் டிஸ்டெம்பர் கொள்ளைநோய்: பரவலும் தடுப்பு நெறிகளும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டு நாய்களின் நோய் என்று நெடுங்காலம் அறியப்பட்ட டிஸ்டெம்பர், கடந்த நாற்பது ஆண்டுகளில் சிங்கம், புலி, ஓநாய், நரி, சீல் முதலிய காட்டு ஊனுண்ணிகளில் பேரிழப்புகளை விளைவித்துள்ளது. ஒரே நச்சுயிரி சில காலங்களில் ஓசையின்றிக் கடந்து செல்வதும், சில காலங்களில் ஓர் இனத்தொகையின் பெரும்பகுதியை அழிப்பதும் ஏன் என்னும் வினாவை இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. செரங்கெட்டி, வயோமிங், காட்டலினாத் தீவு, உருசியத் தூரக்கிழக்கு ஆகிய இடங்களின் பட்டறிவை ஒப்பிட்டு, நாய்களுக்குத் தடுப்பூசி இடுவது மட்டும் காட்டுவிலங்குகளைக் காக்கப் போதுமானதா என்பதையும் ஆராய்கிறது. அவ்வொப்பீட்டின் வெளிச்சத்தில் 2018ஆம் ஆண்டு கிர் காட்டில் நிகழ்ந்த ஆசியச் சிங்கங்களின் இறப்பு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: டிஸ்டெம்பர், நச்சுயிரி, ஊனுண்ணிகள், நோய்த்தேக்கம், தடுப்பூசி, செரங்கெட்டி, கிர், ஆசியச் சிங்கம்.

முன்னுரை

காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் வேட்டை, காடழிப்பு, மனித – விலங்கு மோதல் ஆகியவை பெறும் இடத்தை நோய் பெறுவதில்லை. வேட்டையாடப்பட்ட விலங்கின் உடல் சான்றாகக் கிடைக்கிறது. வெட்டப்பட்ட காடு கண்ணுக்குத் தெரிகிறது. நோயுற்ற விலங்கோ புதருக்குள் ஒதுங்கி இறக்கிறது. அதன் உடல் சில நாட்களில் மறைந்துவிடுகிறது. இதனால் காட்டில் நிகழும் கொள்ளைநோய் பெரும்பாலும் முடிந்த பின்னரே அறியப்படுகிறது.

நாய் டிஸ்டெம்பர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தமிழகத்தில் நாய் வளர்ப்போரும் கால்நடை மருத்துவர்களும் இந்நோயை 'டிஸ்டெம்பர்' என்றே வழங்குவதால் இக்கட்டுரையும் அச்சொல்லையே கொள்கிறது. அம்மைக்கு ஊசி கண்ட எட்வர்டு ஜென்னர் 1809இல் நாய்களின் இந்நோயை விரிவாக வருணித்தார். நுண்ணுயிரி வடிகட்டியைக் கடந்து செல்லக்கூடிய ஒரு காரணியால் இது உண்டாகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஹென்றி கார்ரே காட்டினார். அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் இது நாய்க்குட்டிகளின் நோயாகவே கருதப்பட்டது. பூனைக் குடும்ப விலங்குகளுக்கு இதனால் பெருந்தீங்கு நேராது என்னும் நம்பிக்கை 1990களில்தான் முறிந்தது.

நச்சுயிரியின் இயல்பும் உறவும்

டிஸ்டெம்பர் நச்சுயிரி மார்பிலி நச்சுயிரிப் பேரினத்தைச் சேர்ந்தது. மனிதரைத் தாக்கும் தட்டம்மை, மாடுகளை அழித்த வெக்கை நோய், ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவற்றின் நச்சுயிரிகளும் இதே பேரினத்தவை. ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வைத் தன் மரபுப்பொருளாகக் கொண்ட இதனைக் கொழுப்பு உறை ஒன்று சூழ்ந்துள்ளது. அவ்வுறையே இதன் வலிமையின்மையும் ஆகும். வெயிலும் வெப்பமும் சோப்பும் உறையைச் சிதைப்பதால் ஓம்புயிரியின் உடலுக்கு வெளியே இந்நச்சுயிரி நெடுநேரம் நிலைப்பதில்லை.

இந்நோயிலிருந்து பிழைத்த விலங்கு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. நச்சுயிரியை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவதில்லை. எனவே இந்நச்சுயிரி அழியாமல் தொடர வேண்டுமாயின் எதிர்ப்பாற்றல் அற்ற புதிய விலங்குகள் இடையறாது கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டம்மை சில இலட்சம் மக்கள் வாழும் நகரங்களில் மட்டுமே இடைவிடாது நிலைத்ததும், சிறு தீவுகளில் வந்து பரவி மறைந்ததும் இதே காரணத்தால்தான். சில நூறு அல்லது சில ஆயிரம் விலங்குகளைக் கொண்ட ஓர் இனம் டிஸ்டெம்பரைத் தானே தக்கவைத்துக்கொள்ள இயலாது. அவ்வினத்தில் நோய் தோன்றினால் அது வேறெங்கிருந்தோ வந்ததாகவே இருக்கும். காட்டு ஊனுண்ணிகளில் இந்நோயை ஆராய்வோர் முதலில் எழுப்பும் வினா, 'எங்கிருந்து வந்தது?' என்பதாக அமைவது இதனாலேயே.

உடலுக்குள் நோயின் போக்கு

நோயுற்ற விலங்கின் மூச்சிலும் சளியிலும் வெளியேறும் நுண்துளிகள் வழியே நச்சுயிரி பிற விலங்கைச் சேர்கிறது. முதலில் அது எதிர்ப்பாற்றலுக்குரிய வெள்ளணுக்களைத் தாக்குகிறது. அவற்றின் மேற்பரப்பில் உள்ள 'ஸ்லாம்' என்னும் ஏற்பிப் புரதம் அதற்கு வாயிலாகிறது. காவலர்களையே முதலில் வீழ்த்துவதால் உடல் பிற நோய்களுக்கும் திறந்துவிடப்படுகிறது. அடுத்த கட்டத்தில் 'நெக்டின்-4' என்னும் மற்றோர் ஏற்பியின் வழியாக மூச்சுக்குழாய், குடல், தோல் ஆகியவற்றின் மேலணிச் செல்களுக்குள் நுழைகிறது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், இருமல், வயிற்றுப்போக்கு ஆகியன இக்கட்டத்தின் அறிகுறிகள். சில விலங்குகளில் பாதத்தின் அடித்தோலும் மூக்கின் நுனியும் தடித்துக் கடினமாகின்றன.

நச்சுயிரி மூளையை அடையும்போது தசைத்துடிப்பு, வலிப்பு, தள்ளாட்டம் ஆகியன தோன்றுகின்றன. காட்டுவிலங்கு மனிதரைக் கண்டு அஞ்சும் இயல்பையும் இழந்துவிடுவது உண்டு. பட்டப்பகலில் சாலையில் நிற்கும் புலியும், ஊருக்குள் வந்து அசையாது கிடக்கும் நரியும் இந்நிலையினவாக இருக்கக்கூடும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகளும் இவ்வாறே அமைவதால் ஆய்வுக்கூடச் சோதனை இன்றி இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

எனினும் டிஸ்டெம்பரின் மிகப் பெரிய தீங்கு நேரடி அறிகுறிகளில் இல்லை. அது விளைவிக்கும் எதிர்ப்பாற்றல் குறைவில் உள்ளது. உடலில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகள் இந்நிலையில் தலைதூக்குகின்றன. செரங்கெட்டியின் புதிரை விடுவிக்க உதவியது இவ்வுண்மையே.

செரங்கெட்டி, 1994

தான்சானியாவின் செரங்கெட்டிச் சிங்கங்கள் 1960களின் நடுப்பகுதி முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருபவை. ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய அவ்வாய்வைப் பின்னர்க் கிரெய்க் பேக்கரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தனர். 1994இன் தொடக்கத்தில் அங்குச் சிங்கங்கள் வலிப்புற்று விழுவது காணப்பட்டது. சில மாதங்களில் செரங்கெட்டியில் இருந்த ஏறத்தாழ 3,000 சிங்கங்களுள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1,000 சிங்கங்கள் மடிந்தன. நோய் வடக்கே கென்யாவின் மாசாய் மாராவுக்கும் பரவியது. கழுதைப்புலிகளும் வௌவால்செவி நரிகளும் சிறுத்தைகளும் இறந்தன. மெலடி ரோல்க்-பார்க்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட கட்டுரை, காரணம் டிஸ்டெம்பரே என்பதை உறுதிப்படுத்தியது.

செரங்கெட்டியைச் சூழ்ந்த ஊர்களில் அப்போது ஏறத்தாழ 30,000 நாய்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தடுப்பூசி காணாதவை. சிங்கங்களில் கண்டறியப்பட்ட நச்சுயிரி அந்நாய்களிடம் இருந்த நச்சுயிரியை மிக நெருக்கமாக ஒத்திருந்தது. ஊர் நாயிடமிருந்து கழுதைப்புலி போன்ற இடைவிலங்கு வழியாகச் சிங்கத்தை நோய் அடைந்தது என்னும் விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. ஊர் எல்லையில் குப்பையையும் இறந்த கால்நடைகளையும் உண்டு, காட்டின் உள்ளே சிங்கத்தின் இரையிலும் பங்கு கொள்ளும் கழுதைப்புலி அத்தகைய இணைப்புக்குப் பொருத்தமான விலங்காகவே தோன்றியது.

ஓசையற்ற தொற்றும் உயிர்கொல்லும் தொற்றும்

நெடுங்கால ஆய்வு ஒன்று இல்லாதிருந்தால் செரங்கெட்டியின் கதை இவ்வளவில் முடிந்திருக்கும். ஆனால் அங்குப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைக்கப்பட்ட சிங்கக் குருதியின் மாதிரிகள் இருந்தன. அவற்றைச் சோதித்தபோது, 1994க்கு முன்னும் பின்னும் பலமுறை டிஸ்டெம்பர் அச்சிங்கங்களிடையே பரவியிருந்தது தெரியவந்தது. அக்காலங்களில் இறப்பு விகிதம் உயரவே இல்லை. நோய் வந்ததும் போனதும் எவரும் அறியாதவை. அவ்வாறாயின் 1994இல் மட்டும் நிகழ்ந்தது என்ன? 2001இல் அருகில் உள்ள நொகொரொங்கொரோப் பள்ளத்தாக்கில் மீண்டும் சிங்கங்கள் இறந்தது ஏன்?

லிண்டா மன்சன் தலைமையிலான குழு 2008இல் இதற்கு விடை அளித்தது. அவ்விரு கொள்ளைநோய்களுக்கும் முன்னர்க் கடும் வறட்சி நிலவியிருந்தது. வறட்சியில் மெலிந்த ஆப்பிரிக்க எருமைகளின் மேல் உண்ணிகள் பெருகின. மழை திரும்பிய பின்னர் அவ்வுண்ணிகள் மேலும் பல்கின. வலுவிழந்த எருமைகள் சிங்கங்களுக்கு எளிய இரையாயின. அவ்வெருமைகளை உண்ட சிங்கங்களின் உடலில் உண்ணிகள் வழியே பபேசியா என்னும் குருதி ஒட்டுண்ணி வழக்கத்துக்கு மாறான அளவில் ஏறியது. பபேசியா சிங்கங்களுக்குப் புதியதன்று; சிறு அளவில் அது அவற்றின் குருதியில் எப்போதும் காணப்படுவதே. அதை அடக்கி வைத்திருந்த எதிர்ப்பாற்றலை டிஸ்டெம்பர் தகர்த்தபோது ஒட்டுண்ணி கட்டுமீறியது. டிஸ்டெம்பர் தொற்றியும் பபேசியா குறைவாக இருந்த சிங்கக் கூட்டங்களில் மிகையான இறப்பு நேரவில்லை என்பது இவ்விளக்கத்துக்கு வலுவான சான்றாகும்.

இக்கண்டுபிடிப்பின் பொருள் ஆழமானது. 'எந்தக் கிருமி கொன்றது?' என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. வறட்சியும் உண்ணியும் ஒட்டுண்ணியும் நச்சுயிரியும் ஒருங்கே கூடியதே கொள்ளைநோயாயிற்று. இவற்றுள் ஒன்று விலகியிருந்தாலும் விளைவு வேறாகியிருக்கும். தட்பவெப்பம் மாறிவரும் காலத்தில் வறட்சியும் பெருமழையும் கடுமையாகுமாயின், இதுவரை அமைதியாகக் கடந்த தொற்றுகளும் உயிர்கொல்லிகளாக மாறக்கூடும்.

சிறிய இனத்தொகைகளின் நிலை

செரங்கெட்டிச் சிங்கங்கள் மூன்றில் ஒரு பங்கை இழந்தும் சில ஆண்டுகளில் மீண்டன. எண்ணிக்கை மிகுந்திருந்ததும் வாழிடம் பரந்திருந்ததும் அதற்குக் காரணம். சிறிய இனத்தொகைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் கீரியைப் போன்ற மெல்லிய உடலமைப்புடைய ஊனுண்ணி. அற்றுப்போய்விட்டதாக எண்ணப்பட்ட அவ்வினத்தின் சிறு கூட்டம் ஒன்று 1981இல் வயோமிங் மாநிலத்து மீட்டீட்சி அருகில் கண்டறியப்பட்டது. 1985இல் அங்கு இரு நோய்கள் அடுத்தடுத்து வந்தன. ஃபெரெட்டின் இரையாகிய பிரெய்ரி நாய் என்னும் கொறிவிலங்குகளைப் பிளேக் தாக்கியது. ஃபெரெட்டுகளை டிஸ்டெம்பர் தாக்கியது. காப்பதற்காக முதலில் பிடிக்கப்பட்ட ஆறு ஃபெரெட்டுகளும் டிஸ்டெம்பரால் இறந்தன. 1987க்குள் எஞ்சியவை அனைத்தும் பிடிக்கப்பட்டபோது உலகில் இருந்தவை 18 மட்டுமே. இன்று வாழும் கருங்கால் ஃபெரெட்டுகள் ஏறத்தாழ அனைத்தும் அவற்றுள் ஏழின் வழித்தோன்றல்கள்.

கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள சாண்டா காட்டலினாத் தீவில் வாழும் தீவு நரி வேறெங்கும் இல்லாத துணையினம். 1999 – 2000 காலத்தில் டிஸ்டெம்பர் அங்குப் பரவியபோது, ஏறத்தாழ 1,300ஆக இருந்த எண்ணிக்கை 100 அளவுக்குச் சரிந்தது. பெருநிலத்திலிருந்து படகில் வந்து சேர்ந்த ரக்கூன் ஒன்று நோயைக் கொணர்ந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. தீவின் மேற்கு முனையைக் குறுகிய நிலஇடுக்கு ஒன்று பிரிப்பதால் அப்பகுதி நரிகள் தப்பின. அவற்றைக் கொண்டு கூட்டில் இனப்பெருக்கமும் தடுப்பூசித் திட்டமும் மேற்கொள்ளப்பட்டன. நரிகளின் எண்ணிக்கை பின்னர் மீண்டது. தற்செயலாக அமைந்த ஒரு நிலப்பிரிவே ஓர் உயிரினத்தைக் காத்தது.

எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் எத்தியோப்பிய ஓநாய்கள் 2005 – 2006இலும் 2010இலும் டிஸ்டெம்பரால் இறந்தன. உலகில் அவ்வினத்தின் முதிர்ந்த விலங்குகள் ஐந்நூறுக்கும் குறைவு. தான்சானியாவின் ம்கோமாசியில் கூட்டில் வளர்க்கப்பட்ட 52 ஆப்பிரிக்கக் காட்டுநாய்களுள் 49 விலங்குகள் 2000 – 2001இல் ஏற்பட்ட ஒரே நோய்ப்பரவலில் மடிந்தன. அவற்றுக்குத் தடுப்பூசி இடப்பட்டிருந்தது என்பது கவனத்துக்குரியது.

நீர்வாழ் ஊனுண்ணிகளும் விலக்கல்ல. 1987 – 1988இல் சைபீரியாவின் பைக்கால் ஏரிச் சீல்களும், 2000இல் காஸ்பியன் கடலின் சீல்களும் இந்நச்சுயிரியால் பெருந்திரளாக மாண்டன. காஸ்பியனில் இறந்தவை பத்தாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. சறுக்குவண்டி இழுக்கும் நாய்களிடமிருந்து சீல்களுக்கு நோய் பரவக்கூடும் என்னும் அச்சம், 1994இல் அன்டார்க்டிகாவிலிருந்து நாய்கள் முற்றிலும் அகற்றப்பட்டதற்கு ஒரு காரணமாக அமைந்தது.

நோய்த்தேக்கம்: ஊர் நாயா, காட்டுவிலங்கா?

ஒரு நோயை இடைவிடாது தக்கவைத்துப் பிற இனங்களுக்கு வழங்கும் விலங்குத் தொகுதி நோய்த்தேக்கம் எனப்படும். தேக்கம் எது என்பதைப் பொறுத்தே தடுப்பு நெறி அமைய வேண்டும். இதனை விளக்க டிஸ்டெம்பரின் உறவாகிய வெக்கை நோயின் வரலாறு உதவுகிறது.

வெக்கை நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து கால்நடைகளோடு எருமைகளையும் கொம்புமான் வகையாகிய வில்டபீஸ்ட்டுகளையும் அழித்தது. காட்டுவிலங்குகளே நோயைச் சுமந்து மாடுகளுக்குத் தருகின்றன என்று பலர் நம்பினர். ஆனால் செரங்கெட்டியைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டபோது காட்டுவிலங்குகளிடமிருந்தும் நோய் மறைந்தது. தேக்கம் மாடுகளே என்பது அதனால் தெளிவாயிற்று. 1960களில் சில இலட்சமாக இருந்த வில்டபீஸ்ட்டுகள் பத்து இலட்சத்தைத் தாண்டின. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் இவ்வாறு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவாகும்.

அதே செரங்கெட்டியில், அதே நச்சுயிரிப் பேரினத்தைச் சேர்ந்த டிஸ்டெம்பருக்கும் இதே வழி பயன்படும் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானது. மாடுகளின் இடத்தில் நாய்களைக் கொண்டு, ஊர் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி இடப்பட்டது. மஃபால்டா வியானாவும் பிறரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு முப்பதாண்டுக்கு மேற்பட்ட குருதித் தரவுகளைக் கொண்டு விளைவை மதிப்பிட்டது. தொடக்ககாலத்தில் நாய்களில் நோய் பெருகியதைத் தொடர்ந்து சிங்கங்களில் தொற்று தோன்றியது. பிற்காலத்தில் அவ்விரண்டின் அலைகளும் தனித்தனியே நிகழ்ந்தன. தடுப்பூசியால் நாய்களில் நோய் குறைந்த பின்னரும் சிங்கங்களில் தொற்று நிற்கவில்லை. கழுதைப்புலி, குள்ளநரி போன்ற பல ஊனுண்ணிகள் கூடியே நச்சுயிரியைத் தாங்குகின்றன என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். வெக்கை நோயில் வென்ற வழி டிஸ்டெம்பரில் முழு வெற்றி பெறாததற்குக் காரணம், பின்னதன் தேக்கம் ஒற்றை இனமன்று என்பதே.

உருசியத் தூரக்கிழக்கின் ஆமூர்ப் புலிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. இக்காடுகளில் 2003 முதல் நோயுற்ற புலிகள் அச்சமின்றி ஊர்களுக்குள் நுழைவது காணப்பட்டு, டிஸ்டெம்பர் உறுதி செய்யப்பட்டது. சிகோட்டே-அலின் காப்பகத்தில் 2007இல் 38ஆக இருந்த புலிகளின் எண்ணிக்கை 2012இல் 9ஆகக் குறைந்தது. அவ்வீழ்ச்சியில் டிஸ்டெம்பருக்கும் பங்கு இருந்தது. மார்ட்டின் கில்பர்ட்டும் பிறரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குப் புலிகளுக்கு நோயைத் தரும் முதன்மைத் தேக்கம் ஊர் நாய்கள் அல்ல. சேபிள், பேட்ஜர், ரக்கூன் நாய் போன்ற சிறு காட்டு ஊனுண்ணிகளே. மக்கள் அடர்த்தி குறைந்த அந்நிலத்தில் நாய்கள் சிலவாகவும் சிதறியும் உள்ளமையால் நச்சுயிரியைத் தொடர்ந்து தாங்க அவை போதா. சிறு ஊனுண்ணிகளுக்குத் தடுப்பூசி இடுவதும் நடைமுறையில் இயலாதது.

தடுப்பூசியின் ஆற்றலும் எல்லையும்

தேக்கத்தை அடைக்க இயலாத இடத்தில் எஞ்சும் வழி, காக்க வேண்டிய விலங்குக்கே தடுப்பூசி இடுவது. இதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது தடுப்பூசியின் இயல்பே. நாய்களுக்குப் பயன்படும் வழக்கமான டிஸ்டெம்பர் தடுப்பூசி, வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள நச்சுயிரியைக் கொண்டது. நாய்க்குத் தீங்கு செய்யாத அது, பிற இனங்களில் நோயையே உண்டாக்கக்கூடும். 1970களின் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஆறு கருங்கால் ஃபெரெட்டுகளுக்கு அத்தகைய ஊசி இடப்பட்டபோது நான்கு இறந்தன. சிவப்புப் பாண்டாக்களிலும் இவ்வாறான இறப்பு பதிவாகியுள்ளது.

பின்னர் உருவான மறுசேர்க்கைத் தடுப்பூசி இச்சிக்கலைக் கடந்தது. கேனரிப் பறவைகளின் அம்மை நச்சுயிரியில் டிஸ்டெம்பரின் சில புரதங்களுக்குரிய மரபணுக்கள் மட்டும் சேர்க்கப்பட்டு இது ஆக்கப்படுகிறது. பாலூட்டியின் உடலில் இவ்வூர்தி பெருக இயலாது என்பதாலும், முழு டிஸ்டெம்பர் நச்சுயிரி இதில் இல்லை என்பதாலும் நோய் தோன்ற வாய்ப்பில்லை. காட்டலினாத் தீவு நரிகளுக்கும் கருங்கால் ஃபெரெட்டுகளுக்கும் இதுவே பயன்பட்டது.

இனத்தில் உள்ள எல்லா விலங்குகளுக்கும் ஊசி இட வேண்டுவதில்லை என்பதும் ஆய்வுகளால் புலப்பட்டுள்ளது. ஆமூர்ப் புலிகள் பற்றிய மேற்கண்ட ஆய்வு, ஒரு சிறு இனத்தொகையில் ஆண்டுக்கு இரண்டு புலிகளுக்கு மட்டும் ஊசி இட்டாலும், ஐம்பது ஆண்டுகளில் அவ்வினத்தொகை அற்றுப்போகும் வாய்ப்பு 15.8 விழுக்காட்டிலிருந்து 5.7 விழுக்காடாகக் குறையும் என்று கணித்தது. இங்கு நோக்கம் நோயை ஒழிப்பதன்று. நோய் வந்து சென்ற பின் இனத்தை மீட்கப் போதிய விலங்குகள் உயிருடன் எஞ்சுவதே. தடுப்பூசியை அணையாகக் கருதாமல் விதைநெல்லாகக் கருதும் பார்வை இது.

கிர், 2018

ஆசியச் சிங்கம் இன்று இயற்கையில் வாழும் ஒரே நிலம் குசராத்தின் சௌராட்டிரப் பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சிலவாகக் குறைந்திருந்த இச்சிங்கங்கள், பாதுகாப்பால் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 523ஆகப் பெருகின. 2018 செப்டம்பரில் கிர் கிழக்குக் கோட்டத்தின் தால்கானியா வனச்சரகத்தில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. சில வாரங்களில் இறந்தவை 23. புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் டிஸ்டெம்பர் தொற்றை உறுதி செய்தது. உண்ணிகளால் பரவும் பபேசியாவும் கண்டறியப்பட்டது. அப்பகுதியின் பிற சிங்கங்கள் பிடித்துத் தனிமைப்படுத்தப்பட்டன. அமெரிக்காவிலிருந்து 300 தடுப்பூசிகள் தருவிக்கப்பட்டன. நோய் அச்சரகத்தைத் தாண்டிப் பெரும் இறப்பை விளைவிக்காமல் அடங்கியது.

டிஸ்டெம்பரும் பபேசியாவும் இணைந்து தோன்றியமை செரங்கெட்டியை நினைவூட்டுகிறது. எனினும் இரு நிலங்களுக்கும் இடையே முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. செரங்கெட்டிச் சிங்கங்கள் முற்றும் அழிந்திருந்தாலும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளில் சிங்கங்கள் எஞ்சியிருக்கும். கிர் சிங்கங்கள் அழியின் இயற்கையில் ஆசியச் சிங்கம் என ஒன்று இராது. மிகச் சிலவற்றிலிருந்து பெருகியமையால் அவற்றின் மரபு வேறுபாடும் குறைவு. ஒரு சிங்கத்தை வீழ்த்தும் நோய் பிறவற்றையும் எளிதில் வீழ்த்தக்கூடும் என்னும் அச்சத்துக்கு இதனால் அடிப்படை உண்டு.

இவ்வபாயம் 2018இல் புதிதாக உணரப்பட்டதன்று. கொள்ளைநோய் வாய்ப்பையும் கருத்தில் கொண்டே, ஆசியச் சிங்கங்களுக்கு இரண்டாம் வாழிடமாக மத்தியப் பிரதேசத்தின் குனோ தெரிவு செய்யப்பட்டிருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில் ஆறு மாதங்களுக்குள் இடமாற்றத்தைத் தொடங்குமாறு பணித்தது. அத்தீர்ப்புக்குப் பின் ஐந்தாண்டு கழித்துக் கிரில் நோய் தோன்றியபோதும் ஒரு சிங்கமும் குனோவுக்குச் சென்றிருக்கவில்லை. 2022இல் அங்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் கொண்டுவரப்பட்டன. சௌராட்டிரத்துக்குள்ளேயே பர்தாக் காட்டுயிர்ச் சரணாலயத்துக்கு 2023இல் சிங்கங்கள் தாமாகவே சென்று சேர்ந்தன.

எண்ணிக்கை உயர்ந்துள்ளது என்னும் வாதம் இங்கு முன்வைக்கப்படுவது உண்டு. 2020இல் 674ஆகவும் 2025இல் 891ஆகவும் சிங்கங்கள் பெருகியிருப்பது பாராட்டத்தக்கதே. ஆனால் நோயின் நோக்கில் எண்ணிக்கையும் பாதுகாப்பும் ஒன்றல்ல. ஒரே நிலத்தில் நெருங்கி வாழும் 891 விலங்குகளை ஒரு நச்சுயிரி ஒரே கூட்டமாகவே காணும். சிங்கங்களில் கணிசமான பகுதி பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே, ஊர்களையும் வயல்களையும் ஒட்டி வாழ்கிறது. இறந்த கால்நடைகளைச் சிங்கமும் ஊர் நாயும் குள்ளநரியும் ஒரே இடத்தில் உண்ணும் வாய்ப்பு அங்கு மிகுதி. பர்தாவும் இதே சௌராட்டிர நிலத்தொடரில் அமைந்தது. காட்டலினாத் தீவில் நிலஇடுக்கு தற்செயலாக ஆற்றிய காப்பினைத் தொலைவில் உள்ள தனித்த வாழிடம் ஒன்றே திட்டமிட்டு ஆற்ற இயலும்.

இந்தியச் சூழலில் நாய்களின் பங்கையும் குறைத்து மதிப்பிட இயலாது. உருசியத் தூரக்கிழக்கில் நாய்கள் சிலவே; இந்தியாவில் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தெரு நாய்கள் மட்டும் ஏறத்தாழ 1.53 கோடி. மகாராட்டிரத்தின் நன்னஜ் புல்வெளியைச் சுற்றியுள்ள ஊர்களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில் பத்தில் ஒன்பது நாய்களின் குருதியில் டிஸ்டெம்பருக்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. அவ்வளவு பரவலான தொற்று அங்கு நோய் நிலைபெற்றிருப்பதைக் காட்டுகிறது. நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசியையே வலியுறுத்துகின்றன. டிஸ்டெம்பர் அவற்றின் நோக்கத்துள் இல்லை. மனிதரைத் தாக்காத நோய் என்பதால் பொதுச் சுகாதாரமும், காட்டுக்கு வெளியே தோன்றுவதால் வனத்துறையும் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்வதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, டிஸ்டெம்பரின் கொடுமை நச்சுயிரியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. வறட்சி, உண்ணி, உடன்தொற்று, இனத்தொகையின் அளவு ஆகியன கூடியே அதனைத் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, நோய்த்தேக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. செரங்கெட்டியின் விடையையோ சைபீரியக் காட்டின் விடையையோ இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். கிரைச் சுற்றியுள்ள நாய்கள், குள்ளநரிகள், கீரிகள், சிறுத்தைகள் ஆகியவற்றின் குருதியைத் தொடர்ந்து சோதித்தே அங்குள்ள தேக்கத்தைத் தெளிய வேண்டும். செரங்கெட்டியின் புதிரை விடுவித்தது நோய்க்காலத்தில் எடுத்த மாதிரிகள் மட்டுமல்ல; நோயில்லாக் காலத்திலும் சேமிக்கப்பட்ட குருதியே ஆகும்.

மூன்றாவது, நாய்களுக்கான தடுப்பூசி தேவையானது. ஆனால் அதுவே போதுமானதன்று. பாதுகாப்பான மறுசேர்க்கை ஊசியைச் சிங்கங்களுள் ஒரு பகுதிக்கேனும் முன்கூட்டியே இடுவது ஆராயத்தக்கது. நான்காவது, எல்லா ஊசிகளையும்விட உறுதியான காப்பு, ஓர் இனத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தனித்த நிலங்களில் வாழச் செய்வதே. மீட்டீட்சியில் அவ்வாய்ப்பு இல்லாததால் ஓரினம் பதினெட்டு விலங்குகளாகச் சுருங்கியது. ஆசியச் சிங்கத்துக்கு அவ்வாய்ப்பு இன்னும் உள்ளது. அடுத்த வறட்சியும் அடுத்த தொற்றும் ஒருசேர நிகழும் ஆண்டு எதுவென முன்னறிய இயலாதாகையால், இரண்டாம் வாழிடம் பற்றிய முடிவு அதற்கு முன்னரே செயலாக வேண்டும்.